மகளின் கையில் ஒரு தமிழ்ச் சொல்

என் மகள் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை எழுதித் தரச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவளுக்கு அப்போது பதினேழு வயது. புனேயின் கட்கியில் பிறந்து, இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, தோழிகளோடு மராத்தியும் ஹிந்தியும் பேசி வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். படிக்கத் தெரியாது.

ஜூலை மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்று, "மம்மி, 'பரவால்ல' தமிழ்ல எப்படி வரும்? லிக்கித் தா" என்றாள். ஹிந்தி வினைச்சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டிப் பேசுவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் வழக்கம். முன்பெல்லாம் திருத்துவேன். அன்று திருத்தவில்லை. கேட்டதே பெரிய விஷயமாக இருந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் 'பரவாயில்லை' என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தேன். அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளோ லம்பாவா?" என்று அதன் நீளத்தைக் கேட்டுவிட்டுப் போனாள்.

நானும் கட்கியில் பிறந்தவள்தான். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தமிழ் எழுத்தை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துக் கற்றதுதான். அதனால் என் தமிழில் கோயில் வாடை அடிக்கிறது என்று என் கணவர் கேலி செய்வார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேலைக்காகப் புனே வந்து, போசரியில் பல்சக்கரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தவர். அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மகள் தமிழ் எழுதிக் கேட்டாள் என்று சொன்னேன். அவருக்கும் முகம் மலர்ந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்துச் சாப்பிடும்போதுதான் விஷயம் தெரிந்தது. அவள் இடது முழங்கையைத் திருப்பி மேசை மேல் வைத்தாள். முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில், என் கையெழுத்தைப் பார்த்து நீல பால்பாயிண்ட் பேனாவால் வரைந்திருந்தாள். எழுதியதாகத் தெரியவில்லை, படம் போட்டதுபோல இருந்தது. இதே இடத்தில் இதே வார்த்தையை டாட்டூ போட்டுக்கொள்ளப்போகிறேன், பதினெட்டு ஆகாததால் கடையில் வீட்டுச் சம்மதம் கேட்பார்கள், நீங்கள் இருவரும் வரவேண்டும் என்றாள்.

அவள் முடிக்கும் முன்பே நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. காலேஜில் என்ன சொல்வார்கள், வேலைக்கு நேர்முகத் தேர்வில் பார்ப்பார்கள், கல்யாணப் பேச்சு வரும்போது கேட்பார்கள், ஊசியால் ஏதாவது நோய் வந்தால் என்ன செய்வது, சபையில் பைபிள் வசனம் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது. எனக்கே வியப்பாக இருந்தது. பச்சை குத்துவதைப் பற்றி நான் அதற்கு முன் வாழ்க்கையில் யோசித்ததே இல்லை. ஆனாலும் பதில் முழுவதும் யாரோ முன்பே சமைத்து மூடி வைத்ததுபோலத் தயாராக இருந்தது.

கணவர் என்னைப்போல் படபடக்கவில்லை. சோற்றில் கை வைத்தபடியே கேள்விகள் கேட்டார். ஊசி எவ்வளவு ஆழம் போகும், தோல் வளரும்போது எழுத்து அகலுமா, மை பரவுமா. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எங்க கம்பெனில ஒரு பீஸ்ல நம்பரத் தப்பா அடிச்சிட்டா, அத அழிச்சிட்டுத் திருப்பி அடிக்க முடியாது. பீஸு ஸ்க்ராப்புக்குத்தான் போவும். வேண்டாம்ட்டி."

"நான் பீஸ் இல்லப்பா" என்றாள் மகள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க எல்லாத்துக்கும் பரவால்லதான சொல்வீங்க. இதுக்கு மட்டும் ஏன் வராது?" என்று கேட்டாள்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவர் என் பக்கம் திரும்பி, நான் அவ்வளவு அடிக்கடியா அப்படிச் சொல்லுகிறேன் என்று கேட்டார். காலையில் பால் திரிந்தபோது சொன்னீர்கள், பஸ் தவறியபோது சொன்னீர்கள், நேற்று குடையைத் தொலைத்துவிட்டு வந்தபோதும் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டீர்கள் என்றேன். அதன் பிறகு ஒரு வாரம், அந்த வார்த்தை வாயில் வரும்போதெல்லாம் அவர் பாதியில் நிறுத்துவதைப் பார்த்தேன். "பர..." என்று தொடங்கி, இருமுவார்.

எனக்கோ அந்த மூடி வைத்த பதில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் சொல்லித் தருகிறேன். பெற்றோரைச் சந்திக்கும் வேலை நிறைய. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன். என் மகள் கேட்கிறாள் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் இப்போது இதெல்லாம் கேட்கிறார்களாமே என்று பொதுவாக ஆரம்பிப்பேன்.

லோஹேகாவிலிருந்து வரும் ஒரு தாய், கணவர் விமானப்படையில் இருப்பவர், தனக்கு இந்தத் தொல்லையே இல்லை என்றார். மகன் அப்பாவைப்போலப் படையில் சேர ஆசைப்படுகிறான், மருத்துவப் பரிசோதனையில் விடமாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு முடிந்துவிடும். படையில் சேரும் எண்ணம் இல்லாத பிள்ளையாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, நான் அதை யோசிக்க வேண்டியே வரவில்லை, உண்மையில் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி, மராத்தி சொல்லித் தரும் டீச்சருடையது. சதாரா பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். பல வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து டப்பா பகிர்ந்து சாப்பிடுகிறோம். அவரிடம் பேச்சை எடுத்ததும், கைக்கடிகாரத்தின் தோல் பட்டையைக் கழற்றினார். மணிக்கட்டில் பச்சையாக ஒரு துளசி மாடமும் அதைச் சுற்றிப் புள்ளிகளும் இருந்தன. அகலமான ஆண்கள் கடிகாரத்தை அவர் ஏன் கட்டுகிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பதினொரு வயதிலோ பன்னிரண்டு வயதிலோ குத்தினார்களாம். ஊருக்குள் வந்த பச்சை குத்தும் பெண்ணின் முன்னால் இவரை உட்கார வைத்து, அம்மா ஒரு கையையும் அத்தை ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்களாம். கத்திய கத்தலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். குத்தாத பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது என்பது அன்றைய பேச்சு. பிறகு பட்டணத்துக்கு வந்து பி.எட். சேர்ந்தபோது, பச்சை குத்திய கையைப் பார்த்துக் கூடப் படித்தவர்கள் பட்டிக்காடு என்று சிரித்தார்கள். அன்று கட்டிய கடிகாரம். அவருடைய மகன் போன வருஷம் தோளில் மராட்டிய மகாராஜாவின் முத்திரையைப் பெரிதாகக் குத்திக்கொண்டு வந்து நின்றானாம். தெருவே வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனதாம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வலித்ததா என்று மட்டும் கேட்டாராம். வலித்தது என்றானாம். "என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவன் தானாகப் போய் உட்கார்ந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது" என்றார். பிறகு பட்டையை மாட்டிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அதையே யோசித்தேன். அவருடைய அம்மாவும் நானும் சொன்னது நேர் எதிரான விஷயங்கள். ஒருவர் குத்து என்றார், இன்னொருவர் குத்தாதே என்கிறார். ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு காரணம் இருந்தது: நாளைக்குக் கல்யாணப் பேச்சில் கேட்பார்கள். தோலைப் பற்றியோ வலியைப் பற்றியோ இருவரும் பேசவே இல்லை. அதனால் என் மனம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பார்க்காத இடத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசியது ஒரு புவியியல் டீச்சருக்கு அழகில்லை.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சம்மதம் சொல்ல வரவில்லை, பார்க்கத்தான் வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் நம்பாமல் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ஏறி உட்கார்ந்த பிறகு, எவ்வளவோ வார்த்தை இருக்க ஏன் அந்த வார்த்தை என்று கேட்டேன்.

பத்தாவதில் அவள் மாவட்ட பாஸ்கெட்பால் அணித் தேர்வுக்குப் போய், பெயர் வராமல் திரும்பியது எனக்கு நினைவிருந்தது. அவள் சொன்னது நினைவில் இல்லாத பகுதி. அப்பா மைதானத்துக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றிருந்தாராம். இவள் முகத்தைப் பார்த்ததும், என்ன ஆச்சு என்றுகூடக் கேட்காமல், "பரவால்ல, ஏறு" என்றாராம். வழியில் நிறுத்தி மிஸல் வாங்கிக் கொடுத்தாராம். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தபோது, அழுததும் அதோடு சேர்ந்து போய்விட்டதாம். "நீ வீட்டுல ஒரு மணி நேரம் சமஜாயிச்ச மம்மி. அடுத்த வருஷம், ஹார்ட் வொர்க், எல்லாம். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றாள். என் புத்திமதியை அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். சிவாஜிநகர் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடை, ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. இருட்டாக, மண்டை ஓடு படங்களோடு, சத்தமாகப் பாட்டு வைத்து இருக்கும் என்று நினைத்திருந்தேன். பல் மருத்துவர் அறைபோல வெள்ளையாக இருந்தது, டெட்டால் வாடை அடித்தது. நடத்துகிறவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு மராத்திப் பெண். இடது கை முழுவதும் கொடியும் பறவைகளுமாகப் பச்சை. வலது கையில் ஒன்றுமே இல்லை.

நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டதும், பதினெட்டு ஆகாதவர்களுக்கு அப்பா அம்மா இருவருமே வந்து கையெழுத்துப் போட்டாலும் தான் குத்துவதில்லை என்று சொல்லிவிட்டார். மற்ற கடைகளில் செய்வார்கள், நான் செய்யமாட்டேன், பிறந்தநாளுக்குப் பிறகு வா என்றார். மகளின் முகம் வாடியது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதற்குள் என் கண் கம்ப்யூட்டர் திரையில் போய் நின்றுவிட்டது. மகள் முன்கூட்டியே அனுப்பியிருந்த வார்த்தையை அந்தப் பெண் அழகான வடிவத்தில் போட்டு வைத்திருந்தார். 'லை'யின் கொம்பு லகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் தனியாக நின்றது. நடுவில் இருந்த 'ல்'லுக்குப் புள்ளி இல்லை.

இது தப்பு என்றேன். எது என்றார். புள்ளியைக் காட்டினேன். அது ஏதோ தூசு என்று நினைத்து அழித்துவிட்டாராம். நான் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சரிசெய்ய வைத்தேன். பச்சையே குத்தக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், குத்தாத ஒரு பச்சையின் எழுத்துப் பிழையை அரை மணி நேரம் உட்கார்ந்து திருத்தினேன். மகள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இது எங்கே போய் முடியும் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

திருத்தி முடித்ததும் அந்தப் பெண் தயங்கித் தயங்கித் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். சில மாதம் முன்பு ஒரு தமிழ்ப் பையனுக்குக் குத்தியதாம், ஐ.டி. வேலைக்கு வந்த பையன். நெஞ்சில் 'அமமா' என்று இருந்தது. சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அந்தப் பையனின் அம்மா அதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிதான், அடுத்த முறை அவன் வந்தால் வைத்துவிடலாம், எங்கே வைப்பது என்று நான் குறித்துத் தருகிறேன் என்றேன்.

அவரிடமும் என் கேள்வியைக் கேட்டேன். பிள்ளைகளோடு வரும் பெற்றோர் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் கீழே செருப்புக் கடை வாசலிலேயே நின்றுகொள்வார்கள் என்றார். அம்மாக்கள் மேலே வந்தால், இது போகுமா போகாதா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். திட்டிக்கொண்டே வந்த ஒரு அப்பா, இன்னொரு நாள் தனியாக வந்து அதே மகனின் பெயரைத் தன் கையில் குத்திக்கொண்டாராம். உங்கள் வீட்டில் என்றேன். அவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். "அப்பா சாப்பிடும்போது எப்போதும் என் வலது பக்கத்தில்தான் உட்காருவார். ஆறு வருஷமாக. ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதனால்தான் வலது கையில் நான் ஒன்றும் போடவில்லை" என்றார்.

கிளம்பும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். இனி யாராவது தமிழில் கேட்டால் உங்களுக்கு அனுப்பட்டுமா, தப்பு இருந்தால் சொல்வீர்களா என்று கேட்டார். மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை.

அப்படித்தான் நான் ஒரு டாட்டூ கடைக்கு எழுத்துப் பார்ப்பவள் ஆனேன். புனேயில் இவ்வளவு பேர் தமிழில் பச்சை குத்திக்கொள்கிறார்கள் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. மாதத்துக்குச் சில வார்த்தைகள் வரும். ஆசிரியர் அறையில் இடைவேளையில் உட்கார்ந்து பார்ப்பேன். றகரம் ரகரம் மாறியிருக்கும், ணகரம் னகரம் குழம்பியிருக்கும், புள்ளி ஓடிப்போயிருக்கும். திருத்தி அனுப்பும்போது பதிலுக்கு ஒரு கேள்வி நானும் கேட்பேன்: வயது என்ன, வீட்டில் தெரியுமா? அந்தப் பெண் கேட்டுச் சொல்வார். 'துணிந்து நில்' என்று குத்திக்கொண்ட பெண்ணுக்கு இருபத்திரண்டு, வீட்டில் இன்னும் சொல்லத் துணியவில்லையாம். குழந்தையின் பெயரை இருவர் கையிலும் குத்திக்கொண்ட ஒரு கணவன் மனைவி, நாளைக்கு அந்தக் குழந்தை பச்சை குத்தக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதை யோசிக்கவில்லையாம்.

ஒரு நாள் 'அப்பா மன்னிச்சிடுங்க' என்று வந்தது. இருபது வயதுப் பையன், அப்பா கோயம்புத்தூரில். எழுத்தில் பிழை இல்லை. ஆனால் எனக்குக் கலக்கமாகிவிட்டது, எதற்காக மன்னிப்பு என்று விசாரிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: முதலில் இந்த டாட்டூவுக்காக, மற்றதெல்லாம் பிறகு. இதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். பல நாளுக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பாவம் அந்த மனுசன், என்று தெரியாத அந்த அப்பாவுக்காக வருத்தப்பட்டார்.

மகளுக்குப் பிப்ரவரியில் பதினெட்டு ஆனது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று அவளே தள்ளிப்போட்டாள். மார்ச் கடைசியில் ஒரு நாள், வரும் விடுமுறை அன்று காலை போகிறேன் என்று சொன்னாள். இந்த முறை அனுமதி கேட்கவில்லை, தகவல்தான். நான் எதிர்க்கவில்லை. ஆனால் வேறு ஒன்றுக்குச் சண்டை வந்தது. அவள் 'பரவாயில்லை' வேண்டாம், 'பரவால்ல' என்றுதான் போடுவேன் என்றாள்.

அது பேச்சு, எழுத்து இல்லை என்றேன். எந்த அகராதியிலும் கிடையாது, படிக்கிறவர்கள் உனக்குத் தமிழ் தெரியாது என்று நினைப்பார்கள் என்றேன். "எனக்குத் தமிழ் தெரியாதுதான மம்மி. ஆனா அப்பா சொல்றது எனக்குத் தெரியும்" என்றாள். 'பரவாயில்லை' என்று இந்த வீட்டில் யார் சொல்லியிருக்கிறார்கள், ஒருவரைக் காட்டு என்றாள். நான் இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கக் கணவரிடம் போனேன். அவர் இரண்டையும் வாய்க்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பல் வலிக்கிறவர் நாக்கால் துழாவிப் பார்ப்பதுபோல. கடைசியில், "நான் சொல்லுதது இதுதான்" என்று சின்னதைக் காட்டினார். அவருக்கு அந்தப் பச்சையே வேண்டாம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

மறுநாள் கடையிலிருந்து வழக்கம்போல எனக்குப் படம் வந்தது. 'பரவால்ல.' சரியா என்று கேட்டிருந்தது. ஊரார் பிள்ளைகளின் புள்ளியையும் கொம்பையும் திருத்தியவள், என் பிள்ளையின் பிழையைச் சரி என்று எழுதவேண்டியிருந்தது. ஆசிரியர் அறையில் மணி அடிக்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'சரி' என்று அனுப்பினேன்.

அந்த விடுமுறை நாளில் நானும் மகளும் கிளம்பி நின்றபோது கணவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்றேன். "லைன் நேரா இருக்கான்னு யாராவது பாக்கணும்லா" என்றார்.

மேலே ஏறி வந்தார். கீழே நிற்கவில்லை. வார்த்தையின் அச்சைத் தோலில் ஒட்டிக் காட்டியதும் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்து ஒரு நூல் அளவு இறங்குகிறது என்றார். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். கணவர் இன்னும் ஒருமுறை ஒட்டச் சொன்னார். அதையும் அந்தப் பெண் செய்தார். பிறகு இவர் மெஷினைக் கையில் வாங்கி, மோட்டார் என்ன வேகம், ஊசி எவ்வளவு வெளியே வருகிறது என்று தன் அரைகுறை மராத்தியில் விசாரித்தார். அந்தச் சில நிமிஷம் அவர் போசரியில் இருந்தார் என்றே சொல்லவேண்டும். ஊசி தோலில் பட்டு, முதல் சொட்டு ரத்தத்தை அந்தப் பெண் பஞ்சால் ஒற்றியபோது படியிறங்கிப் போய்விட்டார்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். நான் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். மராத்தி டீச்சரின் அம்மாவும் அத்தையும் நினைவுக்கு வரவே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவளே நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

கீழே அவர் டீக்கடையில் நின்றிருந்தார். மகள் பிளாஸ்டிக் உறை சுற்றிய கையை நீட்டினாள். அவர் வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு இப்பவும் பிடிக்கல" என்றார்.

"தெரியும்ப்பா."

"எழுத்து நல்லா வந்திருக்கு."

அவ்வளவுதான். மூன்று கட்டிங் சாய் சொன்னார்.

சபையில் அடுத்த ஞாயிறு ஒருவர் கேட்டார், இரண்டு பேர் கேட்காமல் பார்த்தார்கள். மராத்தி டீச்சர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அர்த்தம் கேட்டார். சொன்னேன். மராத்தியில் அதற்குச் சரியான வார்த்தை எது என்று அவரும் நானும் ஒரு இடைவேளை முழுவதும் பேசினோம். கணவர் தோல் ஆறும்வரை தினமும் ராத்திரி டார்ச் அடித்து மை பரவியிருக்கிறதா என்று பார்த்தார். பிடித்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று மே மாதத்தில் நடந்தது. கட்கி பஜார் ஸ்டாப்பில் நானும் மகளும் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். வெயிலுக்காக நான் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் நின்றேன். முதுகில் லேப்டாப் பை மாட்டிய ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுப் படித்துவிட்டு, தமிழா என்று கேட்டார். கோயம்புத்தூர்ப் பேச்சு. மகள் திடுக்கிட்டு என் பக்கம் பார்த்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. போன் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன்.

வேறு வழியில்லாமல் அவள் தமிழில் பேசினாள். வெளியாள் ஒருவரிடம் அவள் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. வார்த்தைக்கு வார்த்தை நின்று, நடுவில் ஹிந்தி போட்டு, அப்பாவின் திருநெல்வேலி இழுவை அங்கங்கே எட்டிப் பார்க்கப் பேசினாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு மகன் இருக்கிறானாம், பத்தாவது படிக்கிறான், இதே மாதிரி வேண்டும் என்று வீட்டில் தினமும் சண்டையாம். "உங்க வீட்ல எப்படிங் கண்ணு ஒத்துக்கிட்டாங்க?" என்று கேட்டார்.

மகள் வார்த்தை தேடினாள். அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது.

"ஒத்துக்கல ஆன்ட்டி" என்றாள். "கூட வந்தாங்க."

அந்தப் பெண் அதற்கு ஏதோ கேட்டார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. இருவரும் பேசிக்கொண்டே முன்வாசலில் ஏற, நான் ஓடிப்போய்ப் பின்வாசலில் ஏறிக்கொண்டேன். கூட்டத்தில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை.